உப்பும் நன்னீரும்: ஊவாவின் நீர் வரலாற்றில் நுண்ணங்கிகள்

ஊவா மலைநாட்டின் தென்விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் அப்புத்தளை அமைந்துள்ளது. இவ்வூர் ஒரு நீர்ப்பிரி முகடாகும். இதன் வடபுறச் சரிவில் வீழும் மழை உமா ஓயாவை அடைந்து மகாவலியுடன் கலக்கின்றது. தென்புறச் சரிவில் வீழும் மழையோ கிரிந்தி ஓயா, வளவை கங்கை ஆகியவற்றின் கிளைகளினூடாகச் சமவெளியிறங்கித் தென்கடலைச் சேர்கின்றது. வானந் தெளிந்த நாட்களில் இம்முகட்டிலிருந்து நோக்குவோருக்கு, வரண்ட சமவெளிக்கு அப்பால் கடலும் ஒரு கோடாகத் தோன்றும். மேலே நன்னீர் பிறக்கும் மலை. கீழே கிணற்று நீரும் கரிக்கும் வரண்ட நிலம். அதற்கும் கீழே உப்பு விளையும் கரை. மனிதனின் நீர்ப்பிரச்சினை முழுவதும் இவ்வொரு சரிவினுள் அடங்கிவிடுகின்றது எனலாம்.

உவர் நீரிலிருந்து உப்பைப் பிரித்து நன்னீராக்குதல் இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு விடயம். அப்பணியை நுண்ணங்கிகளைக் கொண்டே செய்வித்தல் கூடும் என்பது 2009ஆம் ஆண்டிலிருந்து ஆய்வுகூடங்களில் நிறுவப்பட்டு வந்துள்ளது. இதனை வெறுமனே ஒரு பொறியியற் புதுமையாகக் கொள்ளுதல் அதன் பொருளைக் குறைத்து மதிப்பிடுவதாகும். நுண்ணங்கி, நீர், உப்பு ஆகிய மூன்றும் ஊவா மண்ணில் ஏற்கெனவே நெடியதொரு சமூக வரலாற்றை உடையன. அவ்வரலாற்றின் ஒளியில் இப்புதிய முயற்சியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மலைக்கு ஏறிய உப்பு

கடற்கரையில் விளையும் உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணரைச் சங்க நூல்கள் நன்கறியும். நெய்தல் நிலத்துப் பண்டம் குறிஞ்சி நிலத்தை அடைவதற்கு வண்டியும் எருதும் வழித்துணையும் வேண்டியிருந்தன. இலங்கையிலும் நிலைமை இதுவே. அம்பாந்தோட்டைப் பகுதி உப்பளங்களிலிருந்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகில் ஊவாவுக்கும் கண்டி இராச்சியத்தின் ஏனைய பகுதிகளுக்கும் ஏறின. பாக்கு முதலிய மலைநாட்டுப் பொருள்கள் அவ்வழியே இறங்கின. இப்பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என வழங்கினர்.

உப்பு மலையில் விளையாப் பொருளாதலால் அதனைக் கட்டுப்படுத்துவோர் மலையையும் கட்டுப்படுத்தலாயினர். கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் உப்பு வழியை அடைப்பதைக் கண்டி அரசுக்கு எதிரான ஓர் ஆயுதமாகக் கருதினர். இதனால் ஓர் உண்மை தெளிவாகின்றது. உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத ஒரு பொருள் எங்கே மிகுதியாகவும் எங்கே அரிதாகவும் உள்ளது என்பதை இயற்கை தீர்மானிக்கின்றது. ஆனால், அவ்வேறுபாட்டினால் யார் பயனடைவர் என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது. அன்று உப்புக்குப் பொருந்திய இவ்விதி இன்று நன்னீருக்கும் பொருந்துகின்றது.

2. மடுல்சீமையிற் படிந்த செம்மஞ்சட் பொடி

நுண்ணங்கி ஒன்று ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றவல்லது என்பதற்கு ஊவாவைவிடச் சிறந்த சான்று வேறில்லை. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றின் இலைகளில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருப்பது முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக விளங்கிய துவெயிற்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு இயல் அறிஞரான பேர்க்கிலி அதற்கு எமிலியா வசுதாத்திரிக்ஸ் எனப் பெயரிட்டார். அழிவு செய்வது என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குரிய பொருள். பெயர் பொய்க்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் முற்றாகச் சரிந்தது.

1880 தொடக்கம் 1882 வரை இலங்கையில் தங்கி இந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வாட், பங்கசின் வித்திகள் காற்றினாற் பரவி இலைக்குள் நுழையுமாற்றை விளக்கினார். காட்டை அழித்து மலைமுழுதும் ஒரே பயிரை இடையறாது நட்டமை அவ்வித்திகளுக்குத் தடையற்ற பாதையாயிற்று என்பதும் அவரது ஆய்விலிருந்து புலனாயிற்று. ஆகவே, கோப்பியை அழித்தது பங்கசு மாத்திரமன்று. பங்கசுக்கு இடமளித்த பொருளாதார அமைப்புமே எனக் கொள்ளல் வேண்டும்.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலை அவரால் எழுப்பப்பட்டது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது. கோப்பி பருவகாலப் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே, பருவத்துக்கு வந்து திரும்பிய தமிழகத் தொழிலாளர் இப்போது குடும்பங்களோடு லயன்களில் நிலையாகக் குடியமர்ந்தனர். கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரினம் மலையகத் தமிழ்ச் சமூகத்தின் நிலைபேற்றுக்கே ஒரு காரணமாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

3. பீலியும் வாந்திபேதியும்

லயன் வாழ்க்கையின் மையம் பீலியாகும். மலையிடுக்கில் ஊறும் நீரை மூங்கிலினாலோ தகரத்தினாலோ குழாயினாலோ வழிநடத்தி ஓரிடத்தில் விழச்செய்வதே பீலி. குடிநீர் எடுப்பதும் குளிப்பதும் துவைப்பதும் ஊர்ச்செய்தி பரிமாறுவதும் அங்கேதான். எனினும், மேல்லயத்தின் கழிவு கீழ்லயத்தின் ஓடையிற் கலப்பது மலைச்சரிவின் இயல்பு. ஊற்று தூயதாயினும் பாதை தூயதன்று. வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் தோட்டங்களை விட்டு நீங்காதிருந்தமைக்கு இதுவே அடிப்படை.

வாந்திபேதியோ தோட்டத்தை அடையுமுன்னரே தொழிலாளரைத் தாக்கியது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை வரண்ட காட்டினூடாக நடந்து வந்தோரில் எண்ணற்றோர் வழியிலேயே மாண்டனர். அவர்கள் பருகிய குட்டைநீரே அவர்களுக்கு நஞ்சாயிற்று. இலண்டனில் 1854இல் ஜோன் சினோ என்னும் மருத்துவர் வாந்திபேதி நீரினாற் பரவுவது எனக் காட்டியிருந்தார். 1884இல் றொபேட் கொக் கல்கத்தாவில் அந்நோயின் பற்றீரியாவைத் தனிப்படுத்தினார். மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளமொன்றின் நீரிலும் அதனை அவர் கண்டார்.

இவ்வறிவு இலங்கைத் தோட்டங்களில் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பது கவனித்தற்குரியது. மண்டபம் முகாமிலே தொழிலாளர் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர், உடலும் உடையும் தொற்றுநீக்கப்பட்டன, ஊசி ஏற்றப்பட்டது. தோட்ட மருத்துவத்தின் பொருட்டு 1872 முதல் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அவற்றுட் குறிப்பிடத்தக்கது. இவற்றாற் பல உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், நுண்ணங்கியைச் சுமந்து வருபவனாகத் தொழிலாளி நோக்கப்பட்ட அளவுக்கு, தூய நீரைப் பெறும் உரிமையுடையவனாக அவன் நோக்கப்படவில்லை. அவனது உடலைக் கழுவுவதில் காட்டப்பட்ட விரைவு அவனது ஓடையைக் காப்பதில் காட்டப்படவில்லை.

சுதந்திரத்தின் பின்னரும் இந்நிலை எளிதில் மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலான தோட்டத் தொழிலாளர் நாடற்றோராயினர். குடியுரிமை மீண்ட பின்னரும் வேறொரு தடை எஞ்சியிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியது. அருகிலிருந்த கிராமத்துக்குக் குழாய் நீர் வழங்கிய சபை, தான் வாக்குப் பெற்ற லயத்துக்கு அதனை வழங்கத் தயங்கியது. இப்பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. பாதுகாப்பான குடிநீர் பெறுவதில் தோட்டத்துறை நகர்ப்புறத்துக்கும் கிராமப்புறத்துக்கும் பின்தங்கியே உள்ளமையை நாடளாவிய கணிப்பீடுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. மழை மிகுந்த மலையில் நீர்ப்பஞ்சம் என்பது இயற்கையின் முரணன்று, வரலாற்றின் விளைவே.

4. பகைவன் பணியாளனான கதை

நுண்ணங்கி நோயின் காரணமென்று கண்டறியப்பட்ட அதே காலப்பகுதியில், அது நீரைத் தூய்மையாக்கவும் வல்லது என்பதும் மெல்ல மெல்ல உணரப்பட்டது. 1829இல் இலண்டன் செல்சி நீர்வழங்கல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்சன் மணல் வடிகட்டியை அமைத்தபோது, மணலே அழுக்கைத் தடுக்கின்றது என எண்ணப்பட்டது. உண்மையில் மணலின் மேற்பரப்பிலே படிந்து வளரும் வழுவழுப்பான உயிர்ப்படலமே அப்பணியின் பெரும்பகுதியைச் செய்கின்றது. அப்படலத்திலுள்ள நுண்ணங்கிகள் நீரிலுள்ள சேதனப் பொருளையும் நோய்க்கிருமிகளையும் உண்டு அழிக்கின்றன.

இதன் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியது 1892ஆம் ஆண்டின் ஹம்பேக் வாந்திபேதி. எல்பே ஆற்று நீரை வடிகட்டாது பருகிய ஹம்பேக் நகரில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆற்றில், அந்நகரின் கழிவு கலந்த பின்னர் நீரெடுத்த அயல்நகர் அல்தோனாவோ மணல் வடிகட்டியின் துணையாற் பெரிதும் தப்பியது. இரு நகரையும் பிரித்தது ஒரு வீதி மாத்திரமே. 1914இல் மன்செஸ்ரரில் ஆடேன், லொக்கற் என்போர், காற்றூட்டப்பட்ட சேற்றிலுள்ள பற்றீரியாக்களைக் கொண்டு நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறையை வெளியிட்டனர். இவ்வாய்வுக்கு வழிகாட்டிய கில்பேட் பவுலர் 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்துக்கு வந்து பணியாற்றியமை தென்னாசியாவின் அறிவியல் வரலாற்றில் நினைவுகூரத்தக்கது.

மறுபுறத்தே, நுண்ணங்கியின் வேறொரு பண்பும் வெளிப்படலாயிற்று. 1911இல் இங்கிலாந்தின் டேர்கம் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் பொற்றர், மதுவமும் பற்றீரியாவும் சேதனப் பொருளைப் பிரிக்கும்போது மின் தோன்றுவதைக் காட்டினார். 1931இல் அமெரிக்கரான பானற் கோகன் இத்தகைய கலங்கள் பலவற்றைத் தொடுத்து 35 உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தைப் பெற்றார். ஆயினும், ஓட்டம் இரண்டு மில்லியம்பியர் அளவே. இது பயனற்ற வேடிக்கையாகப் பல ஆண்டுகள் கருதப்பட்டது.

இந்நிலை 1980களின் பிற்பகுதியில் மாறியது. 1987இல் டெரெக் லவ்லி பொற்றோமக் ஆற்றுப் படிவிலிருந்தும், 1988இல் மையர்ஸ், நீல்சன் ஆகியோர் ஒனைடா ஏரியின் படிவிலிருந்தும் பெற்ற பற்றீரியாக்கள் ஒட்சிசன் இன்றியே வாழ்வன என அறிவித்தனர். நாம் உண்ட உணவிலிருந்து விடுபடும் இலத்திரன்களை இறுதியில் ஏற்பது நாம் சுவாசிக்கும் ஒட்சிசன். இப்பற்றீரியாக்களோ இலத்திரன்களைத் தம் உடலுக்கு வெளியேயுள்ள இரும்பு, மங்கனீசு ஒட்சைட்டுகளுக்கு வழங்குகின்றன. ஒட்சைட்டுக்குப் பதிலாக ஒரு காபன் மின்வாயை வைத்தால் அதற்கும் வழங்கும் என்பது அடுத்த படி. வெளியிலிருந்து எவ்வித இரசாயன இடைத்தரகும் இன்றி இது நிகழும் என்பதைக் கொரிய அறிஞர் கிம் தலைமையிலான குழுவினர் 1999இற் காட்டினர். சேற்றில் வாழும் உயிர் கம்பியில் மின்னோட்டும் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

5. மூன்று அறைகள்

உவர்நீரை நன்னீராக்கும் இன்றைய முறைகளுள் முதன்மையானது நேர்மாறு பிரசாரணமாகும். மக்கள் வழக்கில் இது ஆர். ஓ. எனப்படுகின்றது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லோப் என்பவரும் இந்தியாவிற் பிறந்த சௌரிராஜனும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய செலுலோசு அசற்றேற்று மென்சவ்வு இதற்கு வழிதிறந்தது. உயர் அழுத்தத்தில் நீரை மென்சவ்வினூடு தள்ளுவதே இதன் அடிப்படை. ஒரு கனமீற்றர் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் ஏறத்தாழ ஒரு கிலோவாற்று மணி மின் போதுமெனினும், நடைமுறையில் மூன்று முதல் நான்கு வரை செலவாகின்றது. பிரிக்கப்பட்ட உப்பு செறிந்த எச்சநீராக வெளியேறுகின்றது.

2009இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர், காவோ, புறூஸ் லோகன் முதலியோர், நுண்ணங்கி உப்பகற்றற் கலத்தை அறிவித்தனர். அதன் அமைப்பு எளிது. கலத்தில் மூன்று அறைகள் உள. ஓரத்து அறையில் கழிவுநீரும் அனோட்டு மின்வாயில் ஒட்டி வாழும் பற்றீரியாக்களும்; மறு ஓரத்தில் கதோட்டு; நடுவறையில் உவர்நீர். பற்றீரியாக்கள் சேதனப் பொருளை உண்டு இலத்திரன்களை அனோட்டுக்கு வழங்க, அவை புறக்கம்பி வழியே கதோட்டை அடைகின்றன. இலத்திரன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றமையால் ஏற்படும் மின்சமமின்மையை ஈடுசெய்ய, நடுவறையிலுள்ள குளோரைட்டு அயன் அனோட்டுப் பக்கமாகவும் சோடியம் அயன் கதோட்டுப் பக்கமாகவும் மென்சவ்வுகளினூடு நகர்கின்றன. நடுவறை நீர் படிப்படியாக உப்பிழக்கின்றது. மின் செலவழிவதற்குப் பதிலாக ஓரளவு மின் கிடைக்கவும் செய்கின்றது. அம்முதற் பரிசோதனையில் உப்பில் 90 சதவீதம் வரை அகற்றப்பட்டது.

இச்செய்தியை வியப்போடு மாத்திரம் ஏற்றல் ஆய்வாளனுக்கு அழகன்று. எளிய கணக்கொன்று இதன் எல்லையைக் காட்டும். ஒரு மூல் சோடியங் குளோரைட்டை அகற்ற ஒரு மூல் இலத்திரன் வேண்டும். ஒரு மூல் இலத்திரனைத் தரக்கூடிய சேதனப் பொருள், ஒட்சிசன் தேவையின் அளவீட்டில், 8 கிறாம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிறாம் உப்பு உண்டு, அஃது 0.6 மூல். அதனை அகற்ற 4.8 கிறாம் சேதனம் தேவை. வீட்டுக் கழிவுநீர் லீற்றரொன்றிலோ அரைக் கிறாமளவே சேதனம் உள்ளது. ஆகவே, ஒரு துளியும் வீணாகாது எனக் கொண்டாலும், ஒரு லீற்றர் கடல்நீருக்குப் பத்து லீற்றர் கழிவுநீர் வேண்டும். கடலோர நகரொன்றின் தாகத்தை இம்முறை தனித்துத் தீர்ப்பது அரிது என்பது இதனாற் பெறப்படும். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவுடன் தொடங்கிய மைட்ஸ் திட்டம், ஸ்பெயினின் தெனியாவில் முன்மாதிரி நிலையம் அமைத்தபோதும், நேர்மாறு பிரசாரணத்துக்கு முன்னோடிப் படியாகவே இக்கலத்தைக் கருதியது.

ஆனால், அதே கணக்கை உள்நாட்டு உவர்நீருக்குப் பொருத்தினால் முடிவு மாறுகின்றது. லீற்றருக்கு 2 கிறாம் உப்புள்ள கிணற்று நீரிலிருந்து ஒன்றரைக் கிறாமை அகற்ற 0.2 கிறாம் சேதனம் போதும். அதாவது, அரை லீற்றருக்கும் குறைந்த கழிவுநீர். கலத்தின் திறன் பாதியே எனினும், ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் போதும். ஒரு குடும்பம் பயன்படுத்தும் நீரில் மிகப் பெரும்பகுதி கழிவுநீராகவே வெளியேறுவதால், இவ்விகிதம் வாழ்க்கையோடு இயைந்தது. கன்னீரிலுள்ள கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றை அகற்ற இதனிலும் குறைவான சேதனமே வேண்டும். 2013இல் அமெரிக்காவில் சென் ஹேயும் உடனாய்வாளரும் இத்தகைய கலத்தினால் நீரின் கன்மையில் 90 சதவீதத்துக்கு மேல் அகற்றியமை இதனை உறுதிப்படுத்துகின்றது. எனவே, இம்முறைக்கு உரிய களம் கடற்கரையன்று. வரண்ட உள்நாட்டுச் சமவெளியே. இங்கேதான் ஊவா மீண்டும் நம் கவனத்துக்கு வருகின்றது.

6. கீழ் ஊவாவின் கிணறுகள்

மகாவலித் திட்டத்தின் சீ வலயத்திலே, 1980களிற் குடியேற்றம் விரிந்த கிராந்துருக்கோட்டை, நிருவாக முறையில் பதுளை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1990கள் தொடக்கம், காரணம் திட்டவட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் மிகுந்த இடங்களுள் ஒன்றாக அது பெயர்பெற்றது. நீரின் கன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலிற் கடும் உழைப்பால் உடல் நீரிழத்தல் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அறிஞரிடையே கருத்தொருமை இன்னும் ஏற்படவில்லை. எனினும், நோயாளரிற் பெரும்பாலோர் நிலக்கிணற்று நீரை அருந்திய உழவர் என்பது உறுதி. இலங்கையின் வரண்ட வலய நிலத்தடி நீரில் புளோரைட்டு மிகுந்திருத்தலை 1980களிலேயே பேராசிரியர் சி. பி. திசாநாயக்கவின் நீர்ப்புவியிரசாயன ஆய்வுகள் வெளிப்படுத்தியிருந்தன.

இதற்கு அரசும் சமூக அமைப்புகளும் கண்ட உடனடிப் பரிகாரம் ஆர். ஓ. நிலையங்களாகும். கடற்படையினர் மாத்திரமே நோய்ப்பிரதேசங்களில் நூற்றுக்கணக்கான நிலையங்களை அமைத்துள்ளனர். அவற்றாற் பயன் விளைந்துள்ளது. ஆயினும், மூன்று குறைகள் உள. மின்சாரம் தடைப்படின் நீரும் தடைப்படும். மென்சவ்வுகள் இறக்குமதிப் பொருள்களாதலால், 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி போன்றதொன்று நேரும்போது குடிநீரும் அதற்கு உட்படும். எச்சநீர் அருகிலுள்ள நிலத்திலேயே விடப்படின், அகற்றிய உப்பு அதே நிலத்தடி நீருக்குத் திரும்பும். இன்னொரு முரணும் கருதத்தக்கது. மென்சவ்வுகளைப் பழுதாக்கும் காரணிகளுள் முதன்மையான ஒன்று அவற்றிற் படியும் பற்றீரியாப் படலமே. மணல் வடிகட்டியிற் பணியாளனாயிருந்த உயிர், இங்கே மீண்டும் பகைவனாகக் கணிக்கப்படுகின்றது.

வட இலங்கையிலும் இப்பிரச்சினை வேறொரு வடிவிற் காணப்படுகின்றது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி உழவர் எதிர்த்ததை அடுத்து, கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிவுசெய்யப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல தாளையடி நிலையம் 2024 ஓகஸ்ற்றில் திறக்கப்பட்டது. உழவரின் ஐயம் தீர்ந்த இடத்தில், எச்சநீர் பற்றிய மீனவரின் ஐயம் எழுந்தது. நீர்த்திட்டம் எதுவும் ஒரு சாராரின் இழப்பை மறைத்து மறுசாராருக்கு நீர் வழங்குமாயின் அது முழுமையான தீர்வாகாது.

ஊவாவும் இதற்கு விதிவிலக்கன்று. உமா ஓயாவின் நீரைச் சுரங்கம் வழியே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பி, 120 மெகாவாற்று மின்னையும் தென்சமவெளிக்கு நீரையும் தரும் பல்நோக்குத் திட்டம் 2024 ஏப்பிரல் 24ஆந் திகதி திறந்து வைக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2014 இறுதியில், சுரங்கத்துள் நிலத்தடி நீர் பெருமளவிற் புகுந்ததை அடுத்துப் பண்டாரவளைச் சுற்றுப்புறங்களிலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். முன்னொரு காலத்தில் உப்பு மலைக்கு ஏறியது. இன்று மலையின் நீர் சமவெளிக்கு இறங்குகின்றது. இரு பயணத்திலும் வழியில் வாழ்ந்தோரிடம் அனுமதி கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

7. முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று கருத்துகள் தெளிவாகின்றன.

முதலாவது, நுண்ணங்கி இயல்பாகவே பகையுமன்று நட்புமன்று. மடுல்சீமையில் அது பொருளாதாரத்தை அழித்தது. மன்னார்ப் பாதையில் மனிதரைக் கொன்றது. அல்தோனாவில் நகரைக் காத்தது. இன்று உப்பையும் அகற்ற முன்வந்துள்ளது. எந்த உறவில், எந்த அமைப்பில் அதனை வைக்கின்றோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கின்றது.

இரண்டாவது, நுண்ணங்கி உப்பகற்றல் இன்று நிறைவேறியதொரு தொழினுட்பமன்று. அயன்கள் குறையக் குறைய நடுவறையின் மின்தடை கூடி வேகம் குறைகின்றது. அனோட்டு அறை அமிலமாகிப் பற்றீரியாக்களையே வருத்துகின்றது. கன்னீரின் கல்சியம் மென்சவ்வுகளிற் படிந்து அடைக்கின்றது. இவற்றைத் தீர்ப்பதற்கு மின்னிரசாயனமும் நுண்ணங்கியியலும் இணைந்த ஆய்வு வேண்டும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்னிரசாயன ஆய்வு நிறுவகம் போன்றவற்றிலும், பேராதனையிற் சீன ஒத்துழைப்புடன் எழுந்த நீர்த்தொழினுட்ப ஆய்வு நிலையம் போன்றவற்றிலும் இதற்குரிய அறிவுப் பின்னணி உண்டு. ஊவாவின் கிணறுகளைப் பற்றிய ஆய்வு ஊவாவின் மாணவராலும் செய்யப்படல் வேண்டும்.

மூன்றாவதே முதன்மையானது. இம்முறையின் சிறப்பு, அது கழிவுநீரைச் சுத்தம் செய்வதையும் குடிநீரைப் பெறுவதையும் ஒரே கலத்தில் இணைப்பதிலேயே உள்ளது. மலைநாட்டு லயத்தின் துன்பம் கழிவுநீர். கீழ்நாட்டுக் கிராமத்தின் துன்பம் உவர்நீர். ஒன்றைத் தமிழ்த் தொழிலாளரின் பிரச்சினையாகவும் மற்றையதைச் சிங்கள உழவரின் பிரச்சினையாகவும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஓடை அவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. மேலே லயத்தின் கழிவைச் சுமந்த நீரே கீழே உழவனின் வயலை அடைகின்றது. மேல்நாட்டு லயத்துக்கு முறையான கழிவகற்றலை வழங்குதல் கீழ்நாட்டு நீரைக் காப்பதன் முதற்படியாகும் என்பதை நீர்த்திட்டம் வகுப்போர் மறத்தல் ஆகாது.

நோய்க்கிருமியைக் கண்டறிந்த அறிவியல், தொழிலாளியைத் தடுத்து வைக்கப் பயன்பட்ட அளவுக்கு அவனுக்குத் தூய நீர் வழங்கப் பயன்படவில்லை என்பதை ஊவாவின் வரலாறு காட்டியது. புதிய அறிவியலும் அவ்வழியே செல்லுமாயின், கலத்தின் மூன்று அறைகள் எத்துணைத் திறமையாக அமைக்கப்பட்டாலும் பயனில்லை. உப்பை நீரிலிருந்து பிரிக்கும் வேலையைப் பற்றீரியாக்களிடம் ஒப்படைக்கலாம். அந்நீரை யாருக்கு, எந்த ஒழுங்கில், யாருடைய சம்மதத்துடன் பகிர்வது என்னும் வேலையை மனிதரே செய்தல் வேண்டும்.